மூன்றாவது வரிசை, வலது ஓரம்

முத்துக்கருப்பன் செய்த முதல் குற்றம், பத்திரிகை அடித்தது. இரண்டாவது குற்றம், அதில் ஒன்றைக் கொண்டுபோய் அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. டி.வி. வாங்கியது குற்றமல்ல. அதற்கு அவர் உரிமம் வைத்திருந்தார்.

அவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர். குடியிருப்பது தல்லாகுளத்தில், இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில். ஒரே மகள் செல்லத்தாய், காலேஜில் இரண்டாம் வருடம், என்.சி.சி.யில் இருந்தாள். எண்பத்தைந்து ஜனவரியில் டில்லியில் நடக்கும் குடியரசு தின அணிவகுப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்து ரயில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து அவள் எழுதிய கடிதத்தை முத்துக்கருப்பன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

‘அப்பா, டி.வி.யில் காட்டுவார்களாம். நான் மூன்றாவது வரிசை, வலது ஓரம். மேடைக்கு நேராக வரும்போது எல்லோரும் தலையை வலது பக்கம் திருப்பி சல்யூட் வைப்பார்கள். வலது ஓரத்தில் வருகிறவர்கள் மட்டும் திருப்பக் கூடாது. நேரே பார்த்துதான் நடக்க வேண்டும். திருப்பாத தலை என்னுடையது. பார்க்கத் தவறிவிடாதீர்கள்.’

மதுரையில் டி.வி. தெரிய ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெரிவதெல்லாம் டில்லி, டில்லி பேசுவதெல்லாம் இந்தி. அதனால் என்ன, மகள் நடக்கத்தானே போகிறாள், பேசப் போவதில்லையே என்று, கதவு வைத்த மரப்பெட்டி டி.வி. ஒன்றை முத்துக்கருப்பன் வாங்கினார். ஆண்டெனாவை மொட்டை மாடியில் நட்டார். கூடவே லேத்தில் வேலை பார்க்கும் காளையை அழைத்து யோசனை கேட்டார்.

“நாம மட்டும் பாத்தா நல்லாருக்குமா மாப்ள? செல்லத்தாயி டில்லியில நடக்குறா.”

“நாலு பேரைக் கூப்புடுங்கண்ணே.”

“வாயால கூப்புட்டா மரியாதையா இருக்காதே.”

மதுரையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. காது குத்தினாலும் பத்திரிகை, வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் பத்திரிகை என்று இருக்கிற ஊர். மஞ்சள் அட்டையில், மூலையில் மயில் படத்தோடு, இப்படி அடித்து வந்தது:

‘நிகழும் ரக்தாட்சி வருடம் தை மாதம் 13ஆம் நாள் சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு மேல், எங்கள் செல்வப் புதல்வி மு. செல்லத்தாய் டில்லியில் நடக்க இருப்பதை, எங்கள் இல்லத்தில் டி.வி.யில் கண்டு களிக்கத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தர வேண்டுகிறோம். தலைமை: உயர்திரு உரிம அலுவலர் அவர்கள். டி.வி. போடுபவர்: ப. முத்துக்கருப்பன். நன்றியுரை: காளை.’

தலைமைக்கு உரிம அலுவலரைப் போட்டது முத்துக்கருப்பனின் சொந்த யோசனை. உரிமம் கொடுத்த ஆபீஸை விட்டுவிட்டு விசேஷம் வைப்பது முறையில்லை என்று நினைத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப் பழம், மேலே மஞ்சள் பத்திரிகை. காளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வட்டார ஒளிப்பெட்டி உரிம அலுவலகம் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தது. மதுரையில் டி.வி. தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே அதைத் திறந்துவிட்டார்கள். பார்க்க எதுவுமே இல்லாத அந்த ஒரு வருடத்தில் சட்டத்தை மீறிப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை என்பதால், அலுவலகத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அது உரிம அலுவலரின் தலைக்கு மேல் மாட்டியிருந்தது. அலுவலகத்துக்கென்று டி.வி. மட்டும் ஒதுக்கப்படவில்லை. அலுவலர் அதுவரை ஓடுகிற டி.வி.யைப் பார்த்ததில்லை. அதனால் அவருடைய தீர்ப்புகளில் பாரபட்சம் இருந்ததில்லை.

அலுவலர் பத்திரிகையை இரண்டு முறை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“சுற்றமும் நட்பும் சூழ என்று போட்டிருக்கிறீர்கள்.”

“ஆமாங்கய்யா. நீங்களும் குடும்பத்தோட வரணும்.”

“உங்களுக்குக் கொடுத்திருப்பது வீட்டு உரிமம். வீடு என்றால் குடும்பம். குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ளவர்கள். இந்த நட்பு ரேஷன் கார்டில் இருக்கிறதா?”

முத்துக்கருப்பன் காளையைப் பார்த்தார். காளை தன் ரேஷன் கார்டு வேறு தெருவில் இருப்பதாகச் சொன்னான்.

“அப்படியென்றால் இது பொதுக் காட்சி. அச்சடித்த ஆதாரமும் நீங்களே கொண்டுவந்திருக்கிறீர்கள்.” அலுவலர் ஒரு வாழைப்பழத்தை உரித்தார். “பயப்படாதீர்கள். சட்டம் யாருக்கும் எதிரியில்லை. இந்த ஊரில் ஐம்பது வீட்டில் உரிமமே இல்லாமல் பார்க்கிறான். அவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தெரியாதவனை நாங்கள் என்ன செய்ய முடியும்? நீங்கள் தேடி வந்து, பெயர், விலாசம், நேரம் எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இந்தத் துறையே நடக்கிறது.”

முத்துக்கருப்பன் கும்பிட்டார். பாராட்டு என்று நினைத்துவிட்டார்.

பொதுக் காட்சிக்குத் தனி அனுமதி. அதற்கு ஒரு மனு. மனுவோடு இணைக்க வேண்டியவை ஒரு முழுத்தாள். அலுவலகத்து பியூன் பேயாண்டி அதை வாசலில் வைத்து விளக்கினான்.

“ரெண்டு வாளி மணல், ரெண்டு வாளி தண்ணி, செகப்புப் பெயின்ட் அடிச்சு. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவுல கயிறு. வெளிய போறதுக்கு ரெண்டு வழி.”

“என் வீட்டுக்கு ஒரு வாசல்தானப்பா.”

“அப்ப ஒண்ணு போடுங்கண்ணே. ஆபீஸ் ஒங்களுக்கு வாசல் வச்சா குடுக்கும்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துக்கருப்பனும் காளையும் அடுப்படிச் சுவரைக் கடப்பாரையால் இடித்தார்கள். முத்துக்கருப்பனின் மனைவி சீனியம்மாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

“டி.வி.ன்னா மாடியில கம்பி நட்டாப் போதும்னு சொன்னீங்க. இப்பச் செவுத்த இடிக்கிறீங்க. அம்புட்டும் அரை நிமிசம் நடக்குறதுக்கா?”

“ஒம் மக நடக்குறா தாயி.”

“நான் நடந்தா இந்த வீடு நிக்காது போல,” என்றாள் சீனியம்மாள்.

பார்வையிட அலுவலரே நேரில் வந்தார். புது வழியில் நுழைந்து, பழைய வழியில் வெளியேறி, மறுபடி நுழைந்து, திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு எழுதிக்கொண்டே சொன்னார்.

“இரண்டு வழி இருப்பதால் இது இனிமேல் வீடு ஆகாது. அரங்கம். உங்களுடைய வீட்டு உரிமம் அரங்கத்தில் செல்லாது.”

“நீங்க சொல்லித்தானங்கய்யா இடிச்சேன்.”

“நாங்கள் இடிக்கச் சொல்லவில்லை. இரண்டு வழி வேண்டும் என்றோம். இருக்கட்டும், அரங்க உரிமத்துக்கு எழுதிக் கொடுங்கள். டி.வி. போடுபவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. ஆபரேட்டர் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?”

முத்துக்கருப்பனுக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து லேத் ஆபரேட்டர் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். அலுவலர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆபரேட்டர் என்ற வார்த்தை இருப்பதால் ஏற்றுக்கொண்டார். அந்தக் கோப்பில் ஒரே தடவையில் ஏற்கப்பட்ட ஆவணம் அது ஒன்றுதான். இரும்பைக் கடைவதற்கான சான்றிதழை வைத்து டி.வி. போட அனுமதி பெற்ற முதல் இந்தியர் என்று காளை அவரைத் தொழிற்பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பொதுமக்களுக்குக் காட்டுகிற எதையும் அலுவலகத்துக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும்.

“இருபத்தாறாந் தேதிதானங்கய்யா நடக்குது. நடக்காததை எப்புடி முன்னாடி போட்டுக் காட்டுறது?”

“அது உங்கள் சிரமம். அதில் ஆபாசம் இருந்தால்?”

“எம் பொண்ணு யூனிபாரத்துல நடக்குறாய்யா.”

“உங்கள் பெண்ணைச் சொல்லவில்லை. முன்னால் யார் வருவார், பின்னால் யார் வருவார் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒட்டகமெல்லாம் வருகிறது என்கிறார்கள். நான் பொறுப்பேற்க முடியாது.”

முத்துக்கருப்பன் டில்லிக்குத் தந்தி கொடுத்து ஒத்திகையை டி.வி.யில் போடச் சொல்லலாமா என்று காளையிடம் கேட்டார். கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. காளைக்கு அப்போதுதான் பயம் வந்தது.

“அண்ணே, பேசாம கதவச் சாத்திட்டு நீங்களும் மதினியும் மட்டும் பாருங்க. நாங்க வரல.”

“பத்திரிகை குடுத்துட்டு வராதேன்னு சொல்ற பரம்பரையா மாப்ள நாம?”

இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் பேயாண்டி மூன்று சக்கர வண்டியோடு வந்தான். பின்னால் அலுவலர் குடையோடு வந்தார். அனுமதியில்லாத பொதுக் காட்சி மறுநாள் நடக்கவிருப்பதற்கு அச்சடித்த ஆதாரம் இருப்பதால், குற்றம் நடக்கும் முன்பே சாட்சிப் பொருளைக் கைப்பற்றுவதாகப் படித்தார். டி.வி.யை எடுத்தார்கள். ஆண்டெனா சாட்சிப் பொருளின் உறுப்பு என்பதால் அதையும் எடுத்தார்கள். சிவப்பு வாளி நான்கும் வீட்டிலேயே இருக்கலாம் என்று அலுவலர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

“என்னைத் தவறாக நினைக்காதீர்கள். எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள். நாளைக்கு அவளே நடந்தாலும் நான் இதைத்தான் செய்வேன்.”

“ஒங்க பொண்ணு நடக்குதாங்கய்யா?” என்று சீனியம்மாள் கேட்டாள்.

“இல்லை. அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.”

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். அழகர்கோவில் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். சீனியம்மாள் கேசரி கொடுத்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆண்களும் அந்தப் பக்கம் பெண்களுமாக உட்கார்ந்து, டி.வி. இருந்த ஸ்டூலைப் பார்த்தார்கள். ஸ்டூலின் மேல் பூப்போட்ட துணி மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் இன்னும் ஆரம்பிக்கலையா என்று கேட்டார். முத்துக்கருப்பனும் காளையும் அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

அன்று அரசு விடுமுறை. ஆனால் கொடி ஏற்ற வேண்டும் என்பதால் அலுவலகம் திறந்திருந்தது. கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முடிந்திருந்தது. கதவும் ஜன்னலும் உள்ளே தாழிட்டிருந்தன. வேப்பமரத்தில் புது ஆண்டெனா ஒன்று கட்டியிருந்தது. அதன் வளைந்த கம்பியை முத்துக்கருப்பனுக்குத் தெரியும். அவர்தான் ஏற்றும்போது வளைத்தார்.

உள்ளே பேண்டு வாத்தியம் கேட்டது.

ஜன்னல் கண்ணாடி பூ விழுந்த கண்ணாடி. வெளிச்சம் அசைவது தெரிந்தது, எது அசைகிறது என்று தெரியவில்லை. காளை கதவைத் தட்டினான். பேயாண்டி ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து கண்ணை மட்டும் காட்டினான்.

“இன்னைக்கு லீவுண்ணே. மனு வாங்க மாட்டாங்க.”

“மனு இல்லப்பா. உள்ள டி.வி. ஓடுதுல்ல?”

“சாட்சிப் பொருள் வேலை செய்யுதான்னு சோதிக்கிறாக. கெட்டுப்போச்சுன்னா கேஸ் நிக்காதுல்ல.”

“யாரு யாரு சோதிக்கிறா?”

“ஐயா, அவுக வீட்டம்மா, மச்சினன், மச்சினன் பிள்ளைக. பக்கத்து ஆபீஸ்லருந்து ஒரு எட்டுப் பேரு. நல்லாச் சோதிக்கிறாகண்ணே.”

“பேயாண்டி, நான் ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிறேன். எம் பொண்ணு வர்ற வரைக்கும்.”

பேயாண்டி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். “வழக்குல சம்பந்தப்பட்டவுக சாட்சிப் பொருளைப் பாக்கக் கூடாதாம்ணே.”

“சரி, நீயாச்சும் பாத்துச் சொல்லு. மூணாவது வரிசை, வலது ஓரம். தலையைத் திருப்பாது.”

பேயாண்டி நல்லவன். ஜன்னல் இடுக்கில் நின்றுகொண்டு சொன்னான். “ஒட்டகம் போகுது... பீரங்கி... இப்பப் பட்டாளம்... ஆ, பொம்பளப் பிள்ளைக வந்துருச்சுண்ணே.”

முத்துக்கருப்பன் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். “மூணாவது வரிசை.”

“எல்லாம் ஒரே மாதிரி தொப்பி போட்டிருக்குதுக. இருங்க, ஐயாவோட மச்சினன் எந்திரிச்சு நின்னு மறைக்கிறாரு... ஆங். போயிருச்சுண்ணே.”

“போயிருச்சா?”

“இப்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக டான்ஸ் ஆடுது.”

திங்கட்கிழமை முத்துக்கருப்பன் லீவு போட்டுவிட்டு அலுவலருக்கு எதிரில் போய் நின்றார். திட்டுவதற்குத்தான் போனார். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

“எம் பொண்ணு எப்புடிங்கய்யா இருந்தா?”

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் மனது இருந்தது. அதைக் கோப்பில்தான் காட்டத் தெரியும்.

“நீங்கள் பார்க்க முடியாமல் போனது வருந்தத்தக்கது. பார்த்ததற்குச் சான்று தருகிறேன். எழுதிக் கொடுங்கள்.”

நான்கு நாளில் சான்றிதழ் வந்தது. மூன்று முத்திரை. ‘மேற்படி மனுதாரரின் மகள் மேற்படி அணிவகுப்பில் மூன்றாவது வரிசையில் வலது ஓரத்தில் தலையைத் திருப்பாமலும், நல்ல ஆரோக்கியத்துடனும் நடந்து சென்றதை இவ்வலுவலகத்தார் நேரில் கண்டனர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’ சீனியம்மாள் அதைக் கண்ணாடி போட்டு, டி.வி. இருந்த ஸ்டூலுக்கு மேலே மாட்டினாள். வராதவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி முதல் வாரம் செல்லத்தாய் வந்தாள். ஜங்ஷனில் இறங்கும்போதே ஒரு காலைச் சாய்த்து இறங்கினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது மெதுவாகக் கேட்டாள்.

“அன்னைக்கு எல்லாரும் வந்து உக்காந்து தேடுனீங்களாப்பா?”

“தேடாம?”

“எனக்கு அதாம்பா நெனப்பு. இருபத்தி நாலாந் தேதி ஒத்திகையில கால் பெரண்டுருச்சு. என்னையப் படுக்க வச்சுட்டு, ரிசர்வுல இருந்த ஒரு ராஜஸ்தான் பொண்ண என் எடத்துல விட்டுட்டாங்க. தகவல் சொல்ல முடியல. நாலு பேரக் கூப்புட்டு வச்சுட்டு, என்னையக் காணாம நீங்க எப்புடி முழிச்சிருப்பீங்கன்னு அன்னைக்கு முழுக்க அழுதேன்.”

முத்துக்கருப்பன் சுவரைக் காட்டினார். அவள் சான்றிதழைப் படித்தாள். மூன்று முத்திரையையும் பார்த்தாள். ‘நல்ல ஆரோக்கியத்துடனும்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“அப்ப, நீங்க பாக்கவே இல்லையா?”

“பாக்க விடல தாயி.”

“நல்லதாப் போச்சுப்பா,” என்றாள். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பொய்யான தாளை வீட்டில் மாட்டி வைக்க முத்துக்கருப்பனுக்கு மனம் வரவில்லை. கழற்றி எடுத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

“இவ நடக்கலையாம்ங்கய்யா. வேற பொண்ணாம்.”

“நீங்கள் பார்த்தீர்களா?”

“நீங்கதான் விடலையே.”

“பார்க்காதவர் பார்த்தவரைத் தப்பு சொல்ல முடியாது.”

“சார், நான்தான் செல்லத்தாய். நான் சொல்றேன், நடக்கல,” என்றாள் அவள்.

“அந்த நேரத்தில் நீங்கள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தீர்களா அம்மா?”

“படுத்திருந்தேன்.”

“பாருங்கள். நாங்கள் பதினைந்து பேர் பார்த்தோம். நீங்கள் ஒருவர் படுத்திருந்தீர்கள். அலுவலகம் யாரை நம்பும்?” அலுவலர் ஒரு படிவத்தை நகர்த்தினார். “சான்றிதழ் தவறு என்றால், அலுவலகம் சாட்சிப் பொருளைச் சரியாகச் சோதிக்கவில்லை என்றாகும். மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அடுத்த அணிவகுப்பு அடுத்த ஜனவரியில்தான். அதுவரை டி.வி. இங்கே இருக்கும். சரி என்றால், இதில் கையெழுத்துப் போடுங்கள். டி.வி.யைத் திருப்பித் தருவதற்குப் பரிந்துரை எழுதுகிறேன்.”

படிவத்தில் இருந்தது ஒரே வரி. மூன்றாவது வரிசை வலது ஓரத்தில் நடந்து சென்றவர் என் மகளே என்று உறுதி கூறுகிறேன்.

“போட்டுருங்கப்பா,” என்றாள் செல்லத்தாய். “பொட்டியாச்சும் வரட்டும்.”

போட்டார்.

பரிந்துரை மேலே போய்க்கொண்டிருந்தபோது மார்ச்சில் பட்ஜெட் வந்தது. டி.வி.க்கு உரிமமே வேண்டாம் என்று டில்லியில் எடுத்துவிட்டார்கள். முத்துக்கருப்பன் பேப்பரோடு ஓடினார். அலுவலர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“உரிமம் போய்விட்டது. உரிமப் பிரிவும் போய்விட்டது. கைப்பற்றும் அதிகாரம் அந்தப் பிரிவுக்கு இருந்தது. திருப்பித் தரும் அதிகாரமும் அந்தப் பிரிவுக்குத்தான் இருந்தது. இல்லாத பிரிவு எப்படித் திருப்பித் தரும்?” கேடயத்தைத் துணியில் சுற்றினார். “உங்களைப் போல ஒழுங்காக வந்து கேட்பவர்கள் இருக்கும்போது துறையை மூடிவிட்டார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.”

சாட்சிப் பொருளைக் காவல் காக்க பேயாண்டியை மட்டும் விட்டுவைத்தார்கள். பெட்டி கெட்டுவிடாமல் இருக்க, அவன் தினமும் சாயங்காலம் அதைப் போட்டுப் பார்த்தான். அடுப்படிச் சுவரின் ஓட்டையில் சீனியம்மாள் சாக்குத் தொங்கவிட்டாள். அந்த வழியாகத் தெரு நாய் ஒன்று வந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு வழியும் இருந்தது.

அடுத்த ஜனவரி இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. பேயாண்டி வீடு தேடி வந்தான்.

“கேக்குறதுக்கு ஆளில்லண்ணே. ஜன்னலைத் தொறந்து வச்சிருக்கேன். உள்ள விடத்தான் எனக்கு அதிகாரம் இல்ல.”

முத்துக்கருப்பன் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் டி.வி. ஓடுவதை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார். ஒட்டகம் போனது. பீரங்கி போனது. பெண் பிள்ளைகள் வந்தார்கள். மேடைக்கு நேராக எல்லாத் தலையும் வலது பக்கம் திரும்பியது. ஓரத்தில் நடந்தவர்கள் மட்டும் நேரே பார்த்தபடி போனார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு குள்ளமான பெண், தாடையை இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

“அந்த ஓரத்துல போகுதே,” என்றான் பேயாண்டி, “ஒங்க மகளாண்ணே?”

“அப்புடித்தானப்பா எழுதிக் குடுத்திருக்கேன்,” என்றார் முத்துக்கருப்பன்.